பணம் கட்டும் முன்பு: தனிப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

எனக்கு வயது 47. மதுரையில் வசிக்கிறேன். ஆறு ஆண்டாகச் சர்க்கரை நோய், இடது முழங்காலில் மூட்டுத் தேய்மானம். "நடந்தால் மட்டும் போதாது, தசைக்கு வலு ஏற்ற வேண்டும். தெரிந்த ஒருவரை வைத்து முறையாகச் செய்யுங்கள்" என்றார் மருத்துவர். அந்தத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து மாதமும் 39,000 ரூபாயும் செலவாயின.

முதலில் சேர்ந்த ஜிம்மில் ஆறு மாதச் சந்தாவும் பயிற்சியாளர் கட்டணமும் சேர்த்து 30,000 ரூபாயை ஒரே தவணையில் வாங்கிக்கொண்டார்கள். என்ன நோய், என்ன மாத்திரை என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் முழங்கால் உயரப் பெட்டியின் மேல் குதிக்கச் சொன்னார் பயிற்சியாளர். வலிக்கிறது என்றேன். "வலித்தால்தான் பலன்" என்றார். அன்று மாலை முழங்கால் வீங்கி, ஆறு வாரம் மாடிப்படி ஏற முடியவில்லை. பணமும் திரும்ப வரவில்லை. அடுத்து, வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் ஒருவருக்கு 9,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். சட்டமிட்டு மாட்டியிருந்த அவருடைய சான்றிதழை ஒரு மாதம் கழித்துத்தான் நிதானமாகப் படித்தேன். இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டதற்கான சான்று அது.

மூன்றாவது ஆளைத் தேடுவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். மொத்தம் மூன்று வாரம்தான் பிடித்தது. அந்த வரிசையிலேயே கீழே தருகிறேன். நாற்பது தாண்டியவர்களும் சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டு வலி உள்ளவர்களும் ஒரு படியையும் தாண்டிப்போக வேண்டாம்.

1. என்ன வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"உடம்பைக் குறைக்க வேண்டும்" என்று போய் நின்றால் எல்லோருக்கும் கொடுக்கும் அட்டவணையே உங்களுக்கும் கிடைக்கும். "பிடிமானம் இல்லாமல் தரையிலிருந்து எழ வேண்டும்", "அரிசி மூட்டையை இடுப்பு வலிக்காமல் நகர்த்த வேண்டும்", "மூன்று மாதத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும்" என்று நாளைக்கு அளந்து பார்க்கும்படி எழுதுங்கள்.

இந்த இடத்திலேயே இன்னொன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள். இப்போது வலியோ வீக்கமோ இருந்தால், அல்லது அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால், நீங்கள் முதலில் போக வேண்டியது பிசியோதெரபிஸ்ட்டிடம். காயத்தைக் கண்டறிந்து சிகிச்சை தருவது பயிற்சியாளர் வேலை இல்லை. "மூட்டு வலியை நானே சரிசெய்துவிடுவேன்" என்று ஒரு பயிற்சியாளர் சொன்னால் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

2. மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்

உலகம் முழுவதும் உடற்பயிற்சித் துறையில் பயன்படும் பார்-கியூ பிளஸ் என்ற வினாப்படிவம் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் ஏழே கேள்விகள். இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாரா? ஓய்வாக இருக்கும்போதோ வேலை செய்யும்போதோ நெஞ்சு வலி வருகிறதா? கடந்த 12 மாதத்தில் தலைசுற்றி நிலைதடுமாறியதோ மயங்கியதோ உண்டா? வேறு நாள்பட்ட நோய் இருக்கிறதா? அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? உடற்பயிற்சியால் மோசமாகக்கூடிய எலும்பு, மூட்டு, தசைப் பிரச்சினை இருக்கிறதா? மருத்துவக் கண்காணிப்பில்தான் பயிற்சி செய்ய வேண்டும் என்று மருத்துவர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? ஏழுக்கும் "இல்லை" என்றால் மெதுவாகத் தொடங்கலாம். ஒன்றுக்காவது "ஆம்" என்றால் அடுத்தடுத்த பக்கங்களில் அந்த நோய் பற்றிய கேள்விகள் வரும். என்னைக் கேட்டால், ஒரு "ஆம்" வந்த உடனே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

பார்க்கப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை:

- சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையின், மூன்று மாதத்துக்குள் எடுத்த முடிவு (சர்க்கரை உள்ளவர்களுக்கு)
- ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் குறித்த இரத்த அழுத்த அளவு
- சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம்
- மூட்டு, முதுகு எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் இருந்தால் அது

"உடற்பயிற்சி செய்யலாமா?" என்று மட்டும் கேட்டால் "தாராளமாகச் செய்யுங்கள்" என்ற பதிலோடு வெளியே வந்துவிடுவீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் வந்தேன். "எதைச் செய்யக் கூடாது, இரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தால் அன்று விடுமுறை எடுக்க வேண்டும், மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமா?" என்று மூன்றையும் கேட்டு, சீட்டில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். என் சீட்டில் "குதித்தல் வேண்டாம், ஆழமாகக் குந்த வேண்டாம், நாற்காலி உயரம் வரை சரி" என்று எழுதித் தந்தார். அந்த இரண்டு வரி முதலிலேயே என் கையில் இருந்திருந்தால் ஆறு வாரம் படுத்திருக்க மாட்டேன்.

சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பயிற்சியின்போதும், அதற்குப் பல மணி நேரம் கழித்தும்கூடச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். அடுத்தது கண். விழித்திரைப் பாதிப்பு முற்றிய நிலையில் இருப்பவர் மூச்சை அடக்கி அதிக எடை தூக்கினால் கண்ணுக்குள் இரத்தம் கசியும் ஆபத்து உண்டு. ஒரு வருடத்துக்குள் கண் பரிசோதனை செய்யாதவர்கள் அதை முடித்துவிட்டு ஜிம்முக்குப் போங்கள்.

3. சான்றிதழை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தியாவில் மருத்துவருக்குப் பதிவு எண் உண்டு, வழக்கறிஞருக்கும் உண்டு. உடற்பயிற்சி சொல்லித்தருபவருக்குச் சட்டப்படி அப்படி ஓர் உரிமம் கட்டாயமில்லை. நல்ல உடற்கட்டு உள்ள யார் வேண்டுமானாலும் நாளைக் காலையிலேயே பயிற்சியாளர் ஆகிவிடலாம். அதனால் சரிபார்க்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

நமக்குக் காட்டப்படும் காகிதங்கள் பெரும்பாலும் நான்கு வகை.

முதல் வகை, வெளிநாட்டு அமைப்புகளின் தேர்வுச் சான்று. ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம்., ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. ஆகியவை பலரும் அறிந்த அமெரிக்க அமைப்புகள். இவற்றின் தனிப் பயிற்சியாளர் சான்றுகளுக்கு என்.சி.சி.ஏ. என்ற தர அங்கீகாரம் இருக்கிறது. இந்த நான்கு எழுத்துகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "சர்வதேசச் சான்றிதழ்" என்று யாராவது காட்டினால், "இதற்கு என்.சி.சி.ஏ. அங்கீகாரம் உண்டா?" என்று கேளுங்கள். இந்தச் சான்றுகள் ஆயுள் முழுவதுக்குமானவை இல்லை. ஏ.சி.இ.யும் என்.ஏ.எஸ்.எம்.மும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மற்ற இரண்டும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை. புதுப்பிக்க வேண்டுமானால் தொடர்ந்து படித்திருக்கவும் வேண்டும். 2017-இல் வாங்கிய சான்றைச் சுவரில் மாட்டியிருப்பவரிடம் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

இரண்டாவது வகை, மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டச் சான்று. விளையாட்டு, உடற்கல்வி, உடற்தகுதித் துறைக்கென்று ஒரு திறன் கவுன்சில் இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஸ்பெஃபல் என்பார்கள். உடற்பயிற்சிப் பயிற்சியாளர் வேலைக்கான தகுதித்தரத்தை வகுத்து, மதிப்பிட்டு, இந்த வழியில் சான்று தருகிறார்கள். தொடக்கநிலைப் பயிற்சியாளருக்கு இது மதிக்கத்தக்க சான்றுதான்.

மூன்றாவது, கல்லூரிப் பட்டம். பி.பி.எட்., எம்.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் பெற்றவர்கள் உடலியக்கத்தை முறையாகப் படித்தவர்கள். சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியிலும், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளிலும் படித்தவர்கள் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறார்கள். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பட்டயம் விளையாட்டுப் பயிற்சிக்கானது. வீரர்களை உருவாக்க அது பெரிய தகுதி. முழங்கால் தேய்ந்தவருக்குச் சொல்லித்தர அதோடு வேறு அனுபவமும் வேண்டும். தெளிவான வெளிநாட்டுச் சான்று இல்லாவிட்டாலும், உடற்கல்விப் பட்டமும் பத்து ஆண்டு அனுபவமும் உள்ளவரை ஒதுக்கிவிடாதீர்கள்.

நான்காவது வகையில்தான் நான் ஏமாந்தேன். வார இறுதிப் பயிலரங்குச் சான்று, ஜிம் நிறுவனம் தன் ஊழியருக்குத் தானே தந்த சான்று, ஆணழகன் போட்டிக் கோப்பை. போட்டியில் வென்றவர் தன் உடலை நன்றாக அறிந்தவர், அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் உடலைப் பற்றி அந்தக் கோப்பை ஒன்றும் சொல்லாது. காகிதத்தில் "கலந்துகொண்டார்" என்று இருக்கிறதா, "தேர்ச்சி பெற்றார்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சொல்லைப் படிக்காமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை 9,000 ரூபாய்.

சரிபார்ப்பது பத்து நிமிட வேலை. சான்று எண்ணையும் பெயரையும் குறித்துக்கொண்டு வந்து, அந்த அமைப்பின் இணையதளத்தில் சான்று சரிபார்க்கும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அமெரிக்க அமைப்புகளுக்கு அந்த வசதி உண்டு, கட்டணம் இல்லை. திறன் திட்டச் சான்றில் கியூ.ஆர். குறியீடு இருந்தால் உங்கள் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். "எண் தர மாட்டேன்" என்பவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. உண்மையில் தேர்வெழுதியவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை. நான் பார்த்தவரையில் மகிழ்ச்சியோடுதான் எடுத்துக் காட்டினார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக நான் இப்போது கேட்பது சி.பி.ஆர். அட்டையைத்தான். இதயம் நின்று ஒருவர் சரிந்தால் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி அது. அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டை இரண்டு ஆண்டு செல்லும். தேதி தாண்டாத அட்டை வைத்திருப்பவர் தன் தொழிலைக் கவனத்தோடு செய்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். "நான் கீழே விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். 108-ஐ அழைப்பது, நெஞ்சை அழுத்தத் தொடங்குவது என்று தயங்காமல் வரிசையாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் தெளிப்பேன் என்றார் ஒருவர். அவரிடம் நான் சேரவில்லை.

4. ஐந்து பேரோடு தொலைபேசியில் பேசுங்கள்

பெயர்களை எங்கே திரட்டுவது? நட்சத்திர மதிப்பீடுகளைவிட உங்கள் பிசியோதெரபிஸ்ட்டையும் எலும்பு மருத்துவரையும் கேளுங்கள். யாரிடம் போனவர்கள் காயத்தோடு திரும்பி வருகிறார்கள், யாரிடம் போனவர்கள் தேறுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். என் மூன்றாவது பயிற்சியாளர் கிடைத்தது அப்படித்தான்.

தொலைபேசியில் ஐந்து நிமிடம் போதும். ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குச் சொல்லித்தருகிறீர்கள்? என் வயதில், என் நோயோடு யாருக்காவது பயிற்சி தந்திருக்கிறீர்களா? அவர்களில் ஒருவரோடு நான் பேசலாமா? நீங்கள் வராத நாளில் யார் வருவார்? சோதனை வகுப்பு உண்டா, கட்டணம் எவ்வளவு?

அவர் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்டார் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். பெயரும் எடையும் கேட்டுவிட்டு "எப்போது சேருகிறீர்கள்?" என்பவரையும், "ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறைத்துக் காட்டுகிறேன்" என்பவரையும் அங்கேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பெண் பயிற்சியாளர்தான் வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள், அது அதிகப்படியான கோரிக்கை இல்லை. ஆண் பயிற்சியாளர் என்றால், நீங்கள் நிற்கும், குனியும் விதத்தைத் திருத்தத் தொடுவதற்கு முன்பு "தொடலாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாரா என்று பாருங்கள். நல்லவர்கள் பெரும்பாலும் வாயால் சொல்லியும் தாமே செய்து காட்டியுமே திருத்திவிடுவார்கள். வீட்டுக்கு வரவழைத்தால் முதல் சில வகுப்புகளில் வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும், அவருடைய அடையாள அட்டை நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5. சோதனை வகுப்பு: கண்ணைத் திறந்து வைத்திருங்கள்

மூன்றாவது பயிற்சியாளரிடம் 500 ரூபாய் கொடுத்துச் சோதனை வகுப்புக்குப் போனேன். முதல் இருபது நிமிடம் கேள்விகள்தான். மருத்துவர் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். மாத்திரைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அக்கா, காலையில் என்ன சாப்பிட்டு வந்தீர்கள்? பையில் இனிப்பு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்து, "இனிமேல் இது இல்லாமல் வராதீர்கள்" என்றார்.

அதன்பிறகும் எந்தக் கருவியின் பக்கமும் கூட்டிப்போகவில்லை. ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழச் சொன்னார். கைபேசியில் நேரம் குறித்தார். முடிந்ததும் என்னைக் கண்ணாடி முன் நிறுத்தி இன்னொரு முறை மெதுவாக எழச் சொல்லிவிட்டு, தரையில் குத்துக்காலிட்டு என் முழங்காலையே பார்த்தார். "எழும்போது இடது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது, கவனித்தீர்களா?" எத்தனையோ ஆண்டாக என்னோடு இருக்கும் கால்தான், எனக்கு அது தெரியவில்லை. நாற்காலியில் ஒரு தடித்த மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டினார். "இப்போது எழுங்கள்." முழங்கால் நேராக இருந்தது, வலியும் இல்லை. நோட்டில் என் பெயருக்குக் கீழே விநாடிக் கணக்கையும் "மெத்தையோடு" என்ற சொல்லையும் எழுதிக்கொண்டார். அன்று நான் செய்த மொத்தப் பயிற்சியே அதுவும், சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டாலும்தான். 30,000 ரூபாய் கட்டிய இடத்தில் எனக்குக் கிடைக்காத கவனம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் கிடைத்தது.

அந்த வகுப்பை வைத்துச் சொல்கிறேன். எடையைக் கையில் கொடுப்பதற்கு முன்பு அவர் செய்து காட்டுகிறாரா? உங்களுக்குக் கடினமாக இருந்தால் அதையே எளிதாக்கித் தரத் தெரிகிறதா? நீங்கள் பயிற்சி செய்யும்போது அவர் கண் உங்கள் மேல் இருக்கிறதா, கைபேசி மேல் இருக்கிறதா? தூக்கும்போது மூச்சை விடச் சொல்கிறாரா? இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கக் கூடாது. இதைச் சொல்லாத பயிற்சியாளர் வேண்டாம்.

முதல் வகுப்பிலேயே துவண்டு விழ வைப்பதை ஒரு பெருமையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசை இழைகள் சிதைந்து சிறுநீரகத்தையே பாதிக்கலாம். பயிற்சிக்குப் பின் கடும் தசைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் கறுத்துப் போனால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாதாரணத் தசைவலி இப்படி இருக்காது. அது ஓரிரு நாளில் கூடி, பிறகு தானாக அடங்கும்.

முடிந்தால் இருவரிடம் சோதனை வகுப்புக்குப் போங்கள். ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் வேறுபாடு தெரிகிறது.

6. பணம்: வகுப்புக் கணக்கில் பேசுங்கள்

எனக்குச் சொல்லப்பட்ட கட்டணங்கள் இவை. ஜிம்முக்குள் தனிப் பயிற்சி, 12 வகுப்புக்கு 6,000 முதல் 12,000 ரூபாய். ஜிம் சந்தா இதில் சேராது. வீட்டுக்கு வருபவர் ஒரு வகுப்புக்கு 500 முதல் 1,000 ரூபாய். இணையவழியில் காணொலி வகுப்பு இதில் பாதி. ஆனால் மூட்டுப் பிரச்சினை உள்ள புதியவருக்கு இணையவழியை நான் சொல்ல மாட்டேன், திரையில் முழங்கால் சாய்வது தெரியாது. பெருநகரங்களில் தொகை கூடும்.

"மாதத்துக்கு இவ்வளவு" என்ற பேச்சில் ஒரு பொறி இருக்கிறது. 12 வகுப்புக்கு 9,000 ரூபாய் என்றால் வகுப்புக்கு 750. முப்பது நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி இருந்து, காய்ச்சலாலோ உறவினர் திருமணத்தாலோ நான்கு வகுப்பு தவறினால், வகுப்புக்கு 1,125 ஆகிவிடும். எனவே எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று கேட்டு, 45 நாளாவது எழுதி வாங்குங்கள். எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னால் வகுப்பு கழியாது, பயிற்சியாளர் வராவிட்டால் ஈடு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும்.

வரி பற்றி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விகிதத்தில் பில் போட்டால் கேளுங்கள். வரி வாங்குகிறவர் பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அது 33 என்று தொடங்கும். தனியாளாக வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தருபவரின் ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் என்றால் பொதுவாக அவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவில்லாதவர் வரி என்று தனியாக வாங்கவும் கூடாது.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளுபடி காட்டுவார்கள். "இன்று மாலைக்குள் கட்டினால் பாதி விலை" என்பார்கள். அந்தத் தள்ளுபடி அடுத்த மாதமும் வரும், நான் பார்த்துவிட்டேன். முதலில் நான்கு வகுப்பு, பிறகு பன்னிரண்டு, அதற்குப் பிறகு வேண்டுமானால் மூன்று மாதம் என்று படிப்படியாகப் போங்கள். ஜிம்மில் வேலை செய்யும் பயிற்சியாளர் தன் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்குப் பணம் போடச் சொன்னால் போடாதீர்கள். அவர் வேலையை விட்டுப் போனால் ஜிம் கையை விரித்துவிடும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள், அதில் வகுப்புகளின் எண்ணிக்கை இருக்கட்டும்.

நேரத்தையும் பேசி முடியுங்கள். காலை 5 முதல் 8 மணி வரையும் மாலை 6 முதல் 9 மணி வரையும் ஜிம்களில் நெரிசல் அதிகம். உங்களால் முடியுமானால் 10 முதல் 4 மணிக்குள் கேளுங்கள், பயிற்சியாளரின் கவனமும் கூடும், கட்டணமும் குறையலாம். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் அதிகாலை வகுப்புக்குப் போவதைச் சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

7. பொடி, மாத்திரை, ஊசி

இரண்டாம் வாரத்தில் டப்பாக்கள் வரும். புரதப் பொடி எல்லாமே தீங்கு என்று நான் சொல்லவில்லை, தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சொல்பவரே விற்பவராகவும் இருந்தால் தேவையைத் தீர்மானிப்பவர் அவராகிவிடுகிறார். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. டப்பாவில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். பிரித்துப் பொட்டலமாகத் தருவதை வாங்காதீர்கள்.

"கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை", "தசை ஏறும் ஊசி" என்ற பேச்சு வந்தால் அன்றோடு வெளியே வாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டின்மேல் மட்டுமே விற்க வேண்டியவை. இதயத்தையும் கல்லீரலையும் கருவுறும் திறனையும் கெடுக்கக்கூடியவை. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை ஜிம்முக்கு அனுப்பும் பெற்றோர் இந்த ஒரு பத்தியையாவது அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள்.

உணவைப் பொறுத்தவரை "எண்ணெயைக் குறையுங்கள், பருப்பும் முட்டையும் சேருங்கள்" என்ற அளவுக்குப் பயிற்சியாளர் சொல்லலாம். நோய்க்கான உணவுமுறையைப் பதிவுபெற்ற உணவியல் வல்லுநர்தான் எழுதித்தர வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்தப் பயிற்சியாளருக்கும் கிடையாது.

8. முதல் பன்னிரண்டு வாரம்

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வகுப்பு போதும். பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சியும், 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிமிடங்களை நீங்களே நடந்து நிரப்பிக்கொள்ளலாம், அதற்குப் பயிற்சியாளருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வகுப்பில் அரை மணி நேரம் உங்களை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு அவர் வேறு ஒருவரைக் கவனித்தால், அது நீங்கள் வாங்கிய நேரம் என்று சொல்லுங்கள்.

ஒவ்வொரு வகுப்பிலும் என்ன பயிற்சி, எத்தனை முறை, எவ்வளவு எடை என்று அவர் எழுத வேண்டும். நான்காம் வாரமும் எட்டாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் முதல் நாள் எடுத்த அளவுகளையே திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு எட்டாம் வாரத்தில் மெத்தை போனது. பன்னிரண்டாம் வாரத்தில் கையில் நான்கு கிலோ டம்பெல்லோடு அதே நீல நாற்காலியிலிருந்து எழுந்தேன். எடை இயந்திரம் இரண்டு கிலோதான் குறைத்துக் காட்டியது. ஆனால் தல்லாகுளத்தில் பஸ் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருக்கவில்லை.

9. சரிப்படவில்லை என்றால்

முதலில் பயிற்சியாளரிடம் நேரில் சொல்லுங்கள், பிறகு ஜிம் நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்போ மின்னஞ்சலோ எதுவானாலும் தேதியோடு இருக்க வேண்டும். காயம் பட்டால் அன்றே வீக்கத்தைப் புகைப்படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டி, எப்படிப் பட்டது என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நான் எடுக்கவில்லை. அதனால்தான் என் பேச்சு எடுபடாமல் போனது.

"கட்டிய பணம் திரும்பத் தரப்படாது" என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராமல் இருப்பதும், குறைபாடுள்ள சேவைக்கு உரிய காலத்துக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். பல இடங்களில் அந்தக் கட்டத்திலேயே நிர்வாகம் இறங்கி வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

சண்டை எதுவும் இல்லாமல் விலகுகிறீர்கள் என்றாலும், கிளம்புவதற்கு முன்பு உங்கள் பயிற்சி நோட்டைக் கேட்டு ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த பயிற்சியாளரிடம் மருத்துவர் சீட்டோடு அதையும் நீட்டினால், அவர் உங்களை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.